அறுந்து போகும் வார், அறுந்தே ஆக வேண்டிய கயிறு

1936 மார்ச். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரை ஒட்டிய எய்ன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம். நான்கு மைலுக்கும் மேல் ஓட வேண்டும். வழியில் 30 தடைகளைத் தாண்ட வேண்டும். டேவி ஜோன்ஸ் என்ற குதிரை ஜெயிக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஒரு பவுண்டு கட்டினால் 100 பவுண்டு தருகிறோம் என்று பந்தயக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அதன்மேல் இருந்த ஆந்தனி மில்ட்மே தொழில்முறை ஜாக்கியும் இல்லை. ஆனால் அந்தக் குதிரை முன்னணியிலேயே ஓடி, கடைசிக்கு முந்தின தடையையும் முதல் ஆளாகத் தாண்டிவிட்டது. தாண்டும்போது அது கழுத்தை நீட்ட இடம் கொடுப்பதற்காக மில்ட்மே கடிவாள வாரைக் கைக்குள் நழுவவிட்டார். வார் அதன் கடைசி முனைவரை போயிற்று. அங்கே இரண்டு வார்களையும் சேர்த்திருந்த பக்கிளின் நாக்கு கழன்றுகொண்டது.

அவ்வளவுதான். கையில் குதிரையின் முழு வேகம் இருக்கிறது, திருப்ப வழியில்லை. டேவி ஜோன்ஸ் கடைசித் தடையைத் தாண்டாமல் பக்கவாட்டில் விலகி ஓடிவிட்டது. பின்னால் வந்த ரெனால்ட்ஸ்டவுன் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. அதை ஓட்டியவர் ஃபுல்க் வால்வின். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறார்.

வார்களின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் பக்கிள் கழன்றாலும் வார் பிரிந்திருக்காது. இன்று தடை தாண்டும் பந்தயங்களில் அந்த முடிச்சைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

குதிரைச் சவாரியில் மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடுவே இருப்பவை மிகச் சில பொருள்கள். முதுகில் சேணம், அதை இறுக்கிப் பிடிக்கும் வயிற்றுப் பட்டை, கால் வைக்க அங்கவடி, வாயில் கடிவாள இரும்பு, அதிலிருந்து கைக்கு வரும் வார். எல்லாம் தோலும் நூலும் கொஞ்சம் உலோகமும்தான். சுமார் அரை டன் எடையுள்ள ஒரு பிராணி, மிரண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் பாயக்கூடியது, இந்தப் பொருள்களை நம்பித்தான் ஓட்டப்படுகிறது. இவற்றின் பாதுகாப்பு என்று வந்ததும் எல்லோரும் 'உறுதியானதா?' என்றுதான் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது பாதிக் கேள்வி. இந்தச் சாமான்களில் சில என்ன ஆனாலும் விடக்கூடாது. சில சரியான நேரத்தில் விட்டே ஆக வேண்டும். எது எந்த வகை என்று தெரியாதவரின் கையில் விலை உயர்ந்த சேணமும் ஆபத்துதான்.

முதலில் விடக்கூடாதவை. சேணத்தின் பக்கவாட்டு மடலைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று சிறிய வார்கள் தொங்கும். ஆனால் வயிற்றுப் பட்டையின் ஒரு முனையில் இருப்பது இரண்டே பக்கிள்கள். மூன்றில் எந்த இரண்டை மாட்டுவது? சவாரி கற்க வருகிற பலர் கைக்கு வசதியான இரண்டை மாட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பதைப் பார்த்தால் அப்படிச் செய்ய மாட்டார்கள். முதல் வார், சேணத்தின் உட்சட்டத்தின் குறுக்கே ஓடும் ஒரு கெட்டி நாடாவில் தனியாகத் தைக்கப்பட்டிருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் வேறொரு நாடாவில் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். ஆகவே முதலாவதும் இரண்டாவதும், அல்லது முதலாவதும் மூன்றாவதும் மாட்டினால், ஒரு நாடா கிழிந்தாலும் மற்றது சேணத்தைத் தாங்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து மாட்டினால் இரண்டு வார்கள் இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் உயிர் ஒரே நாடாவில் தொங்கும். அந்த நாடாவோ தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடந்து வியர்வையில் ஊறிக்கொண்டிருக்கும்.

குதிரையும் சும்மா இருக்காது. பட்டையை இறுக்கும்போது பல குதிரைகள் உடம்பை விறைத்து மார்பை விரித்துக்கொள்ளும். இறுகிவிட்டது என்று நினைத்து ஏறினால், நாலடி நடந்ததும் பட்டை தளர்ந்து சேணம் ஒரு பக்கமாகச் சரியும். அதனால்தான் குதிரைக்காரர்கள் பட்டையை ஒரே மூச்சில் இறுக்குவதில்லை. மாட்டியதும் ஒரு முறை, ஏறுவதற்கு முன் ஒரு முறை, சிறிது நடந்தபின் இன்னொரு முறை என்று பார்ப்பார்கள். பந்தயக் குதிரைகளுக்குச் சேணத்தின் மேலாக உடம்பைச் சுற்றி இன்னொரு பட்டையும் போடுவது இந்தப் பயத்தினால்தான்.

தோல் சும்மா அறுந்து விழாது. முன்கூட்டியே சொல்லும், நாம்தான் கேட்பதில்லை. வாரை விரலைச் சுற்றி வளைத்து மேல்தோலைப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் கோடுகோடாகத் தெரிந்தால் உள்ளே இருந்த கொழுப்பு வற்றிவிட்டது. வெயிலில் காயப்போடுவதும் அடுப்பருகே மாட்டுவதும் இதை விரைவுபடுத்தும். வியர்வையின் உப்பு இன்னும் கெடுதல். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பூஞ்சை வேறு. அதற்காக எண்ணெயைக் கொட்டித் தீர்ப்பதும் தப்பு. எண்ணெய் குடித்த தோல் தொளதொளத்து நீளும், தையல் நூலும் கெடும். ஈரத்துணியால் துடைத்து, சேணத்துக்கென்று விற்கும் சோப்பைப் போட்டு, நிழலில் உலர்த்தி, அளவாக எண்ணெய் தடவினால் போதும்.

பெரும்பாலும் முதலில் போவது தையல்தான். நல்ல சேணத் தொழிலாளி ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளை வழியே இரண்டு ஊசிகளையும் எதிரெதிராக விட்டு இழுப்பார். அப்படித் தைத்ததில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது நிற்கும். மெஷின் தையலில் ஒன்று விட்டால் பக்கத்தில் இருப்பதும் தளரத் தொடங்கும். சோதிப்பது எளிது: தையலை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எழும்பி வந்தால் அந்த வாரைச் சவாரிக்கு எடுக்காதீர்கள். குறிப்பாகத் தோல் இரும்பைச் சுற்றி மடியும் இடங்கள்: பக்கிளின் மடிப்பு, கடிவாள இரும்பின் வளையத்தை வார் பிடிக்கும் இடம், அங்கவடி வார் சேணத்தில் தொங்கும் இடம். வார் நடுவில் அறுவது அபூர்வம், இங்கேதான் அறும். இடது அங்கவடியின் வாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எல்லோரும் இடப்பக்கமாக ஏறுவதால் அது வலதைவிட அதிகம் நீளும். அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது பழைய வழக்கம்.

இரும்பும் ஏமாற்றும். 1962 ஜூனில் பாரிஸின் ஓட்டேய் மைதானத்தில் நடந்த பெரிய தடைப் பந்தயத்தில் மாண்டரின் என்ற 11 வயதுக் குதிரை ஓடியது. பந்தயம் தொடங்கிச் சில தடைகளைத் தாண்டியதுமே அதன் வாயிலிருந்த ரப்பர் வகைக் கடிவாள இரும்பு இரண்டாக உடைந்தது. ஜாக்கி ஃபிரெட் வின்டருக்குக் கையில் வார் இருந்தது, ஆனால் அதை இழுத்து ஒரு பயனும் இல்லை. வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில் மீதித் தூரம் முழுவதையும் உடம்பின் சாய்வாலும் கால்களின் அழுத்தத்தாலும் மட்டுமே குதிரையைத் திருப்பி ஓட்டினார். கடைசிக் கட்டத்தில் மாண்டரினின் முன்னங்கால் ஒன்றும் அடிபட்டது. அப்படியும் மயிரிழையில் ஜெயித்தது.

மாண்டரினுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? அதே ஃபுல்க் வால்வின். அடுத்தவர் பக்கிள் கழன்று ஒரு முறை, தன் குதிரையின் கடிவாள இரும்பு உடைந்தும் ஒரு முறை, இரண்டிலும் பரிசு அவர் வீட்டுக்கு வந்தது. இப்படிப்பட்ட அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் சேணம் போடக்கூடாது.

இனி, விட்டே ஆக வேண்டியவை. குதிரையிலிருந்து விழுவதைவிடப் பயங்கரமானது, விழுந்தபின் கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டு இழுபட்டுப் போவது. தலை குதிரையின் பின்குளம்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும். சாஞ்சியின் பழைய சிற்பங்களில் கால் கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு வளையம் காணப்படுகிறது. வெறுங்காலில் ஏறிய நாட்டுக்கு அது போதுமாக இருந்தது. முழுப் பாதமும் நுழையும் இரும்பு அங்கவடி வந்த பிறகுதான் மாட்டிக்கொள்ளும் தொல்லையும் பெரிதாயிற்று. அதற்குப் பதில் கண்டுபிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு வகை அங்கவடியில் வெளிப்பக்கத்து இரும்பையே எடுத்துவிட்டு அங்கே தடித்த ரப்பர் வளையத்தை மாட்டியிருப்பார்கள். கால் இழுத்தால் ரப்பர் தெறித்துப் பாதம் வெளியே வந்துவிடும். சேணத்தில் அங்கவடி வார் தொங்கும் கம்பியின் நுனியிலும் ஒரு சிறிய கீல் உண்டு. அது மேல்நோக்கி மடங்கியிருந்தால் வார் கழலாது. தாழ்ந்து திறந்திருந்தால், கால் மாட்டி இழுபடும்போது வார் முழுவதும் பின்னால் வழுக்கிக் கழன்றுவிடும். அங்கவடி கழன்று தொலைந்துவிடுமே என்று அந்தக் கீலை மேலே தள்ளி வைப்பவர்கள் உண்டு. அங்கவடி போனால் வேறு வாங்கலாம்.

லாயத்தில் கட்டுவதிலும் இதே கணக்குத்தான். குதிரையை வளையத்தில் நேரே கட்டாமல், வளையத்தில் மெல்லிய சணல் கயிறு ஒன்றை முடிந்து, அந்தச் சணலில் குதிரையின் கயிற்றைக் கட்டுவார்கள். மிரண்டு பின்னுக்கு இழுத்தால் சணல் அறும், குதிரையின் கழுத்து தப்பும். அறாத நைலான் கயிற்றில் கட்டினால் குதிரை விழுந்து புரண்டு, கழுத்தையோ சுவரையோ பெயர்த்துக்கொள்ளும். கடிவாள வாரைப் பிடித்துக் கட்டுவது அதைவிட மோசம், இழுக்கிற இழுப்பெல்லாம் நாக்கிலும் தாடையிலும் இறங்கும்.

தலைக்கவசமும் ஒரு விதத்தில் உடைவதற்கென்றே செய்ததுதான். அதன் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஒரு முறை நசுங்கியது மறுபடி எழும்பாது. வெளி ஓடு பளபளவென்று இருந்தாலும், பலமாக விழுந்த கவசத்தை மாற்ற வேண்டும். காற்றுச் சட்டை என்று ஒன்று வந்திருக்கிறது. அதன் கயிறு சேணத்தில் மாட்டியிருக்கும்; ஆள் விழுந்ததும் கயிறு இழுபட்டு, குப்பியிலிருந்து வாயு சட்டைக்குள் பாய்ந்து உடம்பைக் காக்கும். கயிற்றைக் கழற்ற மறந்து சாவகாசமாக இறங்குகிறவர்கள் லாய வாசலில் பலூனாகி நிற்பதும் உண்டு.

கொடைக்கானல் ஏரிக்கரையிலோ மெரினா மணலிலோ குழந்தையைக் குதிரைமேல் ஏற்றும்போது ஒரு நிமிஷம் செலவழியுங்கள். வயிற்றுப் பட்டைக்கும் குதிரைக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போனால் இறுக்கச் சொல்லுங்கள். குதிகால் இல்லாத செருப்போடு ஏற்றாதீர்கள், பாதம் அங்கவடிக்குள் முழுவதுமாக நுழைந்துவிடும். குழந்தையின் பாதத்துக்கு அங்கவடி பெரிதாக இருந்தால் காலை அதில் வைக்கவே வேண்டாம். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்திப் போகட்டும். தலைக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் குதிரையோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.