தண்ணீரைச் சோதிக்க ஏன் தயங்குகிறோம்?

ராணிப்பேட்டையில் குரோமேட் உப்பு தயாரித்த ஆலை 1995-ல் மூடப்பட்டது. ஆனால் அது குவித்துவைத்த ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே கிடந்தது. மழையில் ஊறி நிலத்தடி நீரில் இறங்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அளவு மிஞ்சினால் தண்ணீர் மஞ்சளாகத் தெரியும். குறைந்த அளவில் நிறமே இருக்காது, காய்ச்சினாலும் போகாது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை.

இத்தகைய ஊர்களில் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னால், “தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?” என்பார்கள். அறியாமை என்று படித்தவர்கள் இதைத் தள்ளிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கிணறு கெட்டது என்று காகிதத்தில் வந்துவிட்டால் மனை விலை போகாது. பெண் கொடுக்க யோசிப்பார்கள். சோறு போடும் ‘தோல் ஷாப்’பையே, அதாவது தோல் பதனிடும் ஆலையையே, பகைத்துக்கொண்டதாக ஆகும். வேறு தண்ணீருக்கு வழியில்லாதவருக்கு அந்த அறிக்கையால் கூடுவது கவலை மட்டும்தான். அதே மனிதர், பிள்ளைக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தாலோ, தெருவுக்குக் குழாய் வரும் என்று தெரிந்தாலோ, முதல் ஆளாக வந்து கேட்பார். வழி இருக்கிறது என்று தெரிந்தால் கேட்கும் துணிவும் வருகிறது.

வழி இருக்கிறது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது என்றது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். “குரோமியம் பார்க்க வேண்டும்” என்று எழுதியே கொடுங்கள். வழக்கமான சோதனை உப்பு, கடினத்தன்மை, புளோரைடு போன்றவற்றோடு முடிந்துவிடும். எந்தக் கேனில் பிடிப்பது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி நிலத்தடி நீர் அறிக்கைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில்.

இழப்பீட்டுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உண்டு. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பாதிப்பு முதலில் ஏற்பட்டதிலிருந்து 5 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் கூடுதலாகக் கிடைப்பது 60 நாள்தான்.