மனந்திரும்ப ஒரு வெள்ளிக்கிழமை

1686ஆம் ஆண்டு டென்மார்க் அரசர் ஐந்தாம் கிறிஸ்டியான், குடிமக்கள் எல்லோரும் ஒரே நாளில் மனந்திரும்ப வேண்டும் என்று ஆணையிட்டார். ஈஸ்டருக்குப் பிறகு வரும் நான்காம் வெள்ளி அது. ‘ஸ்டோர பேதெதா’, பெரிய மன்றாட்டு நாள் என்று பெயர். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த மன்றாட்டு நாட்களைச் சேர்த்துக்கட்டியவர் சேலாந்து பிஷப் ஹான்ஸ் பாகர். 

அந்த ஆணைப்படி முதல் நாள் மாலை கோவில் மணி அடித்ததும் கடைகளும் மதுச்சாலைகளும் மூடப்பட வேண்டும். மறுநாள் பூசை முடியும்வரை வேலை, பயணம், விளையாட்டு எதுவும் கூடாது, உபவாசம். ஜனம் வெறியில்லாமல் கோவிலுக்கு வரவேண்டும் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டதென்றால், அந்தக் காலத்துக் கோலத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

யோனா ஆகமத்தில் நினிவே அரசன் செய்ததும் இதுதான். ஊர் அழியப்போகிறது என்று கேட்டதும் மனிதரோடு ஆடுமாடுகளையும் பட்டினி போட்டான். கடவுள் மனமிரங்கினார். ஆனால் டென்மார்க் லூத்தரன் நாடு. ஒரு விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதல் என்பது 1517இல் லூத்தர் எழுதிய கோட்பாடுகளில் முதலாவது. பட்டினி கிடந்து இரக்கத்தைச் சம்பாதிக்க முடியாது என்பவர்கள் பட்டினிக்கு நாள் குறித்தார்கள்! யாழ்ப்பாணத்தில் குருவின் முன் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்த கத்தோலிக்கச்சி நான். எனக்கு இந்த முரண் பிடித்திருக்கிறது.

பேக்கர்களும் அன்று அடுப்பு மூட்டக்கூடாதென்று இருந்தது. அதனால் முதல் நாளே சுட்டுவைத்த சதுர பன்தான் ‘வேதர்’. பிளந்து, வாட்டி, வெண்ணெய் பூசினால் ஏலக்காய் மணக்கும். மன்றாட்டை மறந்தவர்களும் இந்தப் பன்னை மறக்கவில்லை. டென்மார்க்கின் யூலாந்தில் நான் வேலை செய்யும் பேக்கரியில் அந்த வியாழக்கிழமை இருக்க நேரமிராது.

மன்றாட்டு நாள் விடுமுறையை 2023 பெப்ரவரி 28 அன்று நாடாளுமன்றம் 95க்கு 68 என்ற வாக்குகளில் நீக்கியது. ஒரு நாள் கூடுதலாக உழைத்தால் வரும் வரிப்பணம் பாதுகாப்புச் செலவுக்கு உதவும் என்றது அரசு. மனந்திரும்பும் நாளை விற்று ஆயுதம் வாங்குவதா என்று எனக்குக் கசந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் பல்லாயிரம் பேர் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். பெரும்பாலோருக்குப் பாவத்தைவிட லீவுதான் கவலை. அதையும் குறை சொல்லமாட்டேன். 2024 ஏப்ரல் 26 சாதாரண வேலைநாளாகப் போனது.

என்னோடு மா பிசைகிற டேனிஷ்காரி ஒருத்தி கேட்டாள்: “மன்னிப்புக் கேட்டவுடன் உங்கள் கடவுள் கொடுத்துவிடுவாரா? அப்படியென்றால் ரொம்பச் சுலபமாக இருக்கிறதே!”

லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கதையைச் சொன்னேன். சொத்தை அழித்த இளையவன், ‘கூலிக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்க வசனம் தயார் செய்துகொண்டு வீடு திரும்புகிறான். தகப்பனோ தூரத்தில் கண்டதுமே ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். கூலிக்காரன் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. அதற்குள் புதுச்சட்டைக்கும் விருந்துக்கும் ஆள் அனுப்புகிறார். சுலபமில்லாத இடம் இனித்தான் வருகிறது. இத்தனை வருடம் வயலில் உழைத்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். தகப்பன் அவனிடமும் வெளியே வந்து கெஞ்சுகிறார்.

“அவன் உள்ளே போனானா?”

“லூக்கா எழுதவில்லை.”

“நானென்றால் போயிருக்கமாட்டேன்” என்றாள் அவள்.