லாச்சி திறக்கும் மருந்து அலுமாரி

அரநாயக்க ஆஸ்பத்திரியிலோ மாவனல்லை ஆதார வைத்தியசாலையிலோ கிளினிக் கொப்பியை நீட்டினால், மருந்தாளர் டப்பாவிலிருந்து குளிசைகளை எண்ணி, கடதாசி உறையில் போட்டு, காலை, இரவு என்று குறித்துத் தருவார். இந்த எண்ணிக்கையையும் காவலையும் செய்ய ஓர் இயந்திரம் உண்டு. 1980களின் பிற்பகுதியிலேயே அது அமெரிக்க வார்டுகளுக்குள் வந்துவிட்டது.

பார்வைக்கு அலுமாரி, நடப்பதோ ஏடிஎம் மாதிரி. வைத்தியர் கணினியில் மருந்தைப் பதிவார். அளவு சரியா, ஒவ்வாமை உண்டா, வேறு மருந்தோடு மோதுமா என்று மருந்தாளர் பார்த்து அனுமதிப்பார். பிறகு தாதி விரல்ரேகை வைத்து நோயாளியின் பெயரைத் தொட்டால், அந்த மருந்துள்ள லாச்சி திறக்கும். யார், எப்போது, எத்தனை எடுத்தார் என்பது பதிவாகிவிடும். மோர்பின் என்றால் மிச்சத்தையும் எண்ணிச் சொல்லவேண்டும்.

உயிர் போகும் அவசரத்தில் மருந்தாளருக்காகக் காத்திருக்க முடியுமா? அதற்கென்று ஒரு குறுக்குவழி வைத்தார்கள். 2017 டிசம்பரில் டெனசி மாநிலத்தில் ஆபத்து அந்த வழியாகத்தான் வந்தது. ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிக்க 'வெர்செட்' எடுக்கவேண்டிய தாதி, ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை (VE) அடித்தார். வெர்செட் வணிகப் பெயர். அலுமாரி அதை 'மிடசோலம்' என்ற மூலப்பெயரில் வைத்திருந்தது. குறுக்குவழியில் போனவர் கைக்கு வந்தது, அதே எழுத்துகளில் தொடங்கும் 'வெகுரோனியம்': மூச்சுத் தசைகளை முடக்கும் மருந்து. குப்பி மூடியிலிருந்த எச்சரிக்கை கண்ணில் படவில்லை. பட்டைக்குறியை வாசித்து மருந்தைச் சரிபார்க்கும் கருவியும் அங்கே இல்லை. 75 வயதுப் பெண் இறந்தார். இப்போது பெயரில் குறைந்தது 5 எழுத்தாவது அடிக்கவேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு நிபுணர்கள் வற்புறுத்துகிறார்கள்.

மருந்தை மூலப்பெயரிலேயே எழுதவேண்டும் என்பது இலங்கையில் நமக்குப் பழைய பாடம். பேராசிரியர் சேனக பிபிலே அதற்காகவே வாதாடினார்; 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. ஏழைக்கு மருந்து மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. வைத்தியர், தாதி, அலுமாரி மூன்றுக்கும் மருந்தின் பெயர் ஒன்றாகவே இருப்பது அதில் கிடைத்த கூடுதல் லாபம்.

ஆனால் டப்பாவில் உதிரியாக வரும் குளிசையை இந்த அலுமாரியால் அடையாளம் காணமுடியாது. ஒவ்வொன்றும் பெயர், அளவு, காலாவதித் திகதி, பட்டைக்குறியோடு தனிப் பொதியில் வரவேண்டும். அந்தப் பொதி வந்துவிட்டால், அலுமாரி வாங்காத ஆஸ்பத்திரியிலும் பல தவறுகளுக்கு வழியிராது: நோயாளியே வீட்டில் பெயரைப் படித்துப் பார்க்கலாம்.