வி.பி.என் எதை மறைக்கும், எதை மறைக்காது?



எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வருகிற புதியவர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "ரீச்சர், போனிலே வி.பி.என் போட்டா நாங்கள் செய்யிறது ஒருத்தருக்கும் தெரியாதாமே, உண்மையோ?" பாதி உண்மை, பாதி பிழை. எந்தப் பாதி உண்மை என்று தெரியாமல் அதை நம்பியிருப்பதுதான் ஆபத்து. ஆகவே இம்முறை இதைப்பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

உங்களில் கனபேருக்கு வி.பி.என் புதிய விடயமில்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவை தடுக்கப்பட்டன. அந்த நேரங்களில் ஆட்கள் கையில் கிடைத்த ஏதோ ஒரு இலவச வி.பி.என் செயலியைப் போட்டுத்தான் வீட்டாரோடு கதைத்தார்கள். அந்தச் செயலி இன்னும் உங்கள் போனில் இருக்கக்கூடும். இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக அதைத் தேடிப் பாருங்கோ. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வி.பி.என் என்ன செய்கிறது?

ஊரில் உபதபாற்கந்தோரில் கடிதம் போட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். கடிதம் உறைக்குள் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தபாலதிபருக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் போகிறது என்று முகவரியைப் பார்த்தால் தெரியும்.

இணையமும் இப்போது அப்படித்தான். இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் பூட்டிய உறையில்தான் தகவலை அனுப்புகின்றன. முகவரியின் தொடக்கத்தில் எச்.ரி.ரி.பி.எஸ் என்று இருந்தால் அது பூட்டிய உறை. நீங்கள் தங்கியிருக்கும் விடுதியின் வைபையையோ நூலகத்தின் வைபையையோ பாவிக்கும்போது, அதை நடத்துபவருக்கு உங்கள் கடவுச்சொல்லோ, நீங்கள் எழுதியதோ தெரியாது. ஆனால் எந்த இணையத்தளத்துக்குப் போனீர்கள் என்பது பொதுவாகத் தெரியவரும்.

வி.பி.என் போட்டால், உங்கள் கடிதம் இன்னொரு பெரிய உறைக்குள் வைக்கப்பட்டு வி.பி.என் நிறுவனத்துக்குப் போகிறது. அவர்கள் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். வைபைக்காரருக்கு வெளி உறை மட்டும்தான் தெரியும். நீங்கள் போகும் இணையத்தளத்துக்கும் உங்கள் இணைய முகவரி தெரியாது, வி.பி.என் நிறுவனத்தின் முகவரிதான் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முகவரியைப் பார்ப்பவர் இல்லாமல் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார். முன்பு வைபைக்காரர் பார்த்ததை இப்போது வி.பி.என் நிறுவனம் பார்க்கிறது. ஆகவே அந்த நிறுவனம் நம்பிக்கையானதா என்பதுதான் முழுக் கேள்வியும்.

இலவசம் என்றால் காசு எங்கிருந்து வருகிறது?

வி.பி.என் நடத்துவதற்குச் செலவு இருக்கிறது. உங்களிடம் காசு வாங்காவிட்டால் வேறு எங்கோ வாங்குகிறார்கள். நடந்த இரண்டு விடயங்களைச் சொல்கிறேன்.

2013இல் பேஸ்புக் நிறுவனம் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அவர்களுடைய ஒனாவோ புரொடெக்ட் என்ற இலவச வி.பி.என், பாதுகாப்புத் தரும் செயலி என்றுதான் ஆட்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஆட்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு பாவிக்கிறார்கள் என்ற தகவல் அதன் வழியாகப் பேஸ்புக்குக்குப் போனது. 2018இல் அது அப்பிளின் செயலிக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. 2019இல் முழுவதுமாக மூடப்பட்டது.

மற்றது ஹோலா. அதை இலவசமாகப் பாவித்தவர்களின் இணைய இணைப்பு வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்கப்படுவது 2015இல் பெரிதாக வெளியே வந்தது. அதாவது, முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் செய்யும் வேலை, உங்கள் போனிலிருந்து செய்ததுபோலத் தெரியும். தஞ்சக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு தலையிடி வேண்டவே வேண்டாம்.

எல்லா இலவச வி.பி.என்னும் இப்படி என்றில்லை. சில நிறுவனங்கள் காசு கட்டுபவர்களின் வருமானத்தில் ஒரு சிறிய இலவசத் திட்டத்தையும் நடத்துகின்றன. சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவில் இருக்கும் புரோட்டோன் அப்படியான ஒன்று. அதன் இலவசத் திட்டத்தில் பாவனைக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் பாவிக்கலாம், எந்த நாடு என்பதையும் நீங்கள் தெரிவுசெய்ய முடியாது.

காசு கட்டுகிறவற்றில் சுவீடனின் முல்வாட் மாதம் 5 யூரோ. பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிசார் தேடுதல் ஆணையோடு அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனார்கள். பாவனையாளர்களின் பதிவுகளை வைத்திருப்பதில்லை என்று நிறுவனம் விளக்கிய பிறகு, ஒன்றும் எடுக்காமலே திரும்பினார்கள். ஆனால் வாரக் காசில் வாழ்பவர்கள் இதற்காகக் கடன்படத் தேவையில்லை. நல்ல இலவசத் திட்டமே போதும்.

எப்படிப் போடுவது?

1. முதலில் பழையதை அகற்றுங்கோ. அன்ட்ராய்ட் போனில் அமைப்புகளுக்குள் வலையமைப்புப் பகுதியில் வி.பி.என் பட்டியல் இருக்கும். ஐபோனில் பொது என்ற பகுதிக்குள் இருக்கும். நீங்கள் போடாத ஒன்று அங்கே இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

2. புதியதைப் போனின் செயலிக் கடையிலிருந்து மட்டும் எடுங்கோ. யாராவது வட்ஸ்அப்பில் அனுப்புகிற கோப்பைத் திறந்து போடவேண்டாம். அனுப்பியவர் சொந்த மச்சானாக இருந்தாலும் வேண்டாம், அவருக்கும் அதை யாரோதான் அனுப்பியிருப்பார்கள்.

3. பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கோ. பெரிய நிறுவனங்களின் பெயரைப் போலவே போலிகள் உண்டு.

4. வி.பி.என் செயலி உங்கள் தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி, படங்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டால் கொடுக்காதேங்கோ. அதன் வேலைக்கு இவை ஒன்றும் தேவையில்லை.

5. வங்கிக் கணக்குக்குள் போகும்போது நிறுத்திவிடலாம். நீங்கள் வேறு நாட்டில் இருப்பதாகத் தெரிந்தால் வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கை மறிக்கக்கூடும். அப்போது போனின் சொந்த இணையத்தைப் பாவியுங்கள்.

எதை மறைக்காது?

பேஸ்புக்கில் உங்கள் பெயரில் உள்ளே போனால், பேஸ்புக்குக்கு நீங்கள் யார் என்று தெரியும். வி.பி.என் அதை மறைக்காது. போனின் இருப்பிடத்தைக் காட்ட ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்திருந்தால், நீங்கள் நிற்கும் தெருவும் அதற்குத் தெரியும். சாதாரண தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் வி.பி.என் வழியாகப் போவதே இல்லை. வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் இரு முனைக்கும் இடையில் பூட்டப்பட்டே போகின்றன, அதற்கு வி.பி.என் தேவையில்லை. ஆனால் மறுமுனையில் இருப்பவர் அதைப் படமெடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் எந்தப் பூட்டும் உதவாது.

இதில் மிகப் பாரதூரமானது நாங்களே போடுகிற படங்கள். இங்கே ஒரு ஆர்ப்பாட்டத்தில் நின்று எடுத்த படத்தை எல்லோரும் பார்க்கும்படி போட்டால், அதை ஊரிலும் பார்க்கலாம். பக்கத்தில் நின்றவரின் முகமும் அதில் இருக்கும். அவருடைய தாய் தகப்பன் இன்னும் ஊரில் இருக்கலாம். மற்றவர் முகத்தைக் கேட்காமல் போடாதேங்கோ.

அதற்காகப் பயந்து பழைய பதிவுகளையோ கணக்கையோ அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். அவை உங்கள் வழக்குக்குச் சான்றாக இருக்கலாம். 2022இல் ஈரானியர் ஒருவரின் வழக்கில் பிரித்தானிய மேல்நிலைத் தீர்ப்பாயம் இதைப்பற்றி வழிகாட்டியிருக்கிறது. பேஸ்புக் பக்கங்களை அச்சடித்துக் கொடுப்பதற்கு மட்டும் பெறுமதி குறைவாக இருக்கலாம், கணக்கின் முழுத் தரவும் முக்கியம் என்பது அதன் சாரம். ஆகவே எதை அழிப்பதானாலும் முதலில் உங்கள் சொலிசிட்டரிடம் கேளுங்கள்.

வி.பி.என்னுக்கு முன்னால் செய்யவேண்டியவை

பிரித்தானியாவில் விசா நிலை இப்போது ஈ-விசாவாக இணையக் கணக்கில் இருக்கிறது. முன்பு கையில் வைத்திருந்த பி.ஆர்.பி அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகின. நாளை உங்களுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தால், வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அந்தக் கணக்கைத்தான் காட்டவேண்டும். அதற்குள் போகும்போது உங்கள் போனுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வரும். அந்தக் குறியீடு இன்னொருவர் கையில் போனால் வி.பி.என்னால் ஒன்றும் செய்யமுடியாது. ஆகவே:

• மின்னஞ்சலை நீங்களே திறந்து, கடவுச்சொல்லை நீங்களே வைத்திருங்கள். ஏஜென்சிக்காரரோ தெரிந்த தம்பியோ திறந்து தந்த மின்னஞ்சல் என்றால் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கோ.

• மின்னஞ்சலுக்கும் வட்ஸ்அப்புக்கும் இரட்டைப் பூட்டுப் போடுங்கள். வட்ஸ்அப்பில் இரு படிச் சரிபார்ப்பு என்று இருக்கும்.

• சிம் மாற்றினால், பழைய இலக்கம் கொடுத்த எல்லா இடத்திலும் புதியதைக் கொடுங்கள். கைவிட்ட இலக்கம் பிறகு வேறொருவருக்குப் போகலாம்.

• போனுக்கு வந்த குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதேங்கோ. ஹோம் ஒபிசிலிருந்து கதைக்கிறோம் என்று சொன்னாலும் சொல்லவேண்டாம்.

வி.பி.என் பாவிப்பது குற்றமா?

பிரித்தானியாவில் குற்றமில்லை. அதைப் போட்டுக்கொண்டு செய்கிற குற்றம் குற்றம்தான். ஆனால் எல்லா நாட்டிலும் இப்படியில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் குற்றத்தை மறைக்க வி.பி.என் பாவிப்பவருக்குக் குறைந்தது 5 இலட்சம் திர்ஹாம் தண்டப்பணம் என்று சட்டம் இருக்கிறது. டுபாயில் வேலை செய்யும் அண்ணனுக்கு இந்தக் கட்டுரையைப் படமெடுத்து அனுப்பும்போது இந்தப் பந்தியையும் சேர்த்து அனுப்புங்கள்.

போனில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஆலோசனை நேரத்தில் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கடவுச்சொல்லை மட்டும் எங்களுக்கும் சொல்லாதேங்கோ. நீங்களே தட்டுங்கள், நாங்கள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம்.