ஓவியரிடமே வாங்கும் ஓவியம்

பெங்களூரின் குமாரகிருபா சாலையில், ஆண்டுதோறும் ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, காலை முதல் இரவு வரை சாலை முழுவதும் ஓவியர்களுக்கென விடப்படுகிறது. ‘சித்ர சந்தே’ என்று கன்னடத்தில் வழங்கும் இவ்வோவியச் சந்தையை நடத்துவது, அதே சாலையில் உள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆகும்; எம். எஸ். நஞ்சுண்ட ராவின் பெருமுயற்சியால் 1960இல் உருவான அந்நிறுவனம், ஓவியக் கல்லூரியையும் கலைக்கூடங்களையும் ஒரே வளாகத்தில் கொண்டது. முன்னதாக விண்ணப்பித்து இடம் பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் பல மாநிலங்களிலிருந்தும் வந்து, நடைபாதையிலும் மதிற்சுவர் ஓரத்திலும் தம் படைப்புகளைச் சார்த்தி வைக்கின்றனர். மழைக்கு அஞ்ச வேண்டாத, வெயிலும் கடுமையாகாத பருவம் என்பதால், திறந்த வெளியில் வண்ணங்களை நாள் முழுவதும் வைத்திருக்க ஜனவரி மிகப் பொருத்தமான மாதமாகும்.

ஓவியக் காட்சிக்கூடங்கள் பொதுவாக விற்பனை விலையில் கணிசமான பங்கைத் தரகாகப் பெறுவதோடு, அவற்றின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே செல்லவே நடுத்தரக் குடும்பத்தினர் பலர் தயங்குகின்றனர். தெருவில் அத்தயக்கம் எழுவதில்லை. படத்தின் அருகிலேயே அதை வரைந்தவர் நிற்பதால், எதைக் கொண்டு, எவ்வாறு, எத்தனை நாளில் செய்யப்பட்டது என்று யாரும் கேட்கலாம். இச்சந்தையின் தலையாய பயன், விற்பனையைக் காட்டிலும் இந்த உரையாடலும் படங்களை அருகில் நின்று காண்பதுமே எனலாம்.

தஞ்சாவூர் ஓவியத்தையும் மைசூர் ஓவியத்தையும் அடுத்தடுத்துக் காணும் வாய்ப்பை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். விஜயநகர ஓவிய மரபிலிருந்து கிளைத்த இவ்விரண்டும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். பலகைப் படம் என்றும் அழைக்கப்படும் தஞ்சாவூர் ஓவியத்தில், பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த ‘மக்கு’ என்னும் குழம்பால் நகைகளையும் மண்டபத் தூண்களையும் மேடாக எழுப்பி, கற்கள் பதித்து, தங்கத் தகடு ஒட்டுகின்றனர். மைசூர் ஓவியத்திலோ அந்த மேடு மிக மெல்லியது; கற்கள் பதிப்பதைவிட, முகத்தின் பாவமும் ஆடை மடிப்பின் நுண்ணிய கோடுகளுமே அதற்கு அழகூட்டுகின்றன. சாய்ந்து விழும் காலை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால், தஞ்சாவூர்ப் படத்தின் மேடுகள் தம் நிழலைப் படத்தின் மீதே வீழ்த்துவதைக் காணலாம். அச்சிட்ட தாளில் பளபளப்புத் தாள் ஒட்டிய போலிப் படத்தில் இந்நிழல் விழுவதில்லை. அவ்வகைப் போலித் தாள் நாளடைவில் கறுத்துவிடுவதும் உண்டு.

நீர்வண்ண ஓவியத்திலும் அருகில் சென்று காண வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நீரில் கரைத்த வண்ணம் தாளில் உலரும்போது நிறத்துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்குவதால், ஒவ்வொரு வண்ணப் பரப்பின் விளிம்பிலும் சற்றே அடர்ந்த கோடு தானாகவே உண்டாகிறது; தேர்ந்த கைகள் அக்கோட்டையே மலைமுகடாகவோ இலையின் ஓரமாகவோ ஆக்கிக்கொள்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் இச்சந்தை இணையவழியில் நடைபெற்றபோது ஓவியர்களின் வாழ்வாதாரத்துக்கு அது ஓரளவு துணைநின்றது உண்மையே எனினும், இத்தகைய நுட்பங்களைக் கைப்பேசித் திரை காட்ட வல்லதன்று.

விலை சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சங்கள் வரை செல்கிறது. தாளும் வண்ணமும் என்ன விலை பெறும் என்று கணக்கிட்டு, காய்கறிக்குப் பேசுவதுபோல் பாதி விலைக்குக் கேட்போரும் கூட்டத்தில் உள்ளனர்; ஒரு தஞ்சாவூர்ப் படத்துக்குத் தங்கத் தகட்டின் செலவோடு பல நாள் உழைப்பும் சேர்கிறது என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்பது முறையாகாது. கையில் அவ்வளவு பணம் இல்லாதவர்கள், அதே ஓவியரிடம் சிறிய அளவிலான படம் உண்டா என்று கேட்பதே நல்ல வழி. பென்சிலால் முகத்தைச் சிறிது நேரத்தில் வரைந்து தருவோரும் சாலையோரத்தில் முக்காலி இட்டு அமர்ந்திருப்பர். அன்று எதுவும் வாங்காதவர்களும் ஓவியரின் தொடர்பு அட்டையைப் பெற்றுச் சென்று, பின்னொரு நாளில் தம் வீட்டுச் சுவரின் அளவைச் சொல்லிப் படம் எழுதித் தரக் கேட்கலாம்; ஓவியர் பலர் அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவது இத்தகைய வேலைகளை எதிர்நோக்கியே.