செவிப்பறையும் அதன் ஊறும்

சினம் மிகுந்தோர், "செவிட்டில் ஓர் அறை விடுவேன்" என்று கூறுவதை நாம் யாவரும் கேட்டிருக்கின்றோம். அங்ஙனம் கூறுவோருள் அதன் விளைவை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வறையினாற் கிழியக்கூடிய நுண்ணியதோர் உறுப்பைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

செவித்துளையின் வழியே ஏறக்குறைய ஓர் அங்குலம் உட்சென்றால், வழியை அடைத்து நிற்கும் சவ்வொன்று காணப்படும். இதுவே செவிப்பறை. இதன் குறுக்களவு 8 முதல் 10 மில்லிமீட்டர். கனமோ ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கே. எனினும் இது மூன்று படலங்களால் ஆயது. புறத்தே தோலும், அகத்தே சளிப்படலமும், இடையே உறுதி தரும் நார்ப்படலமும் உள்ளன. ஒலியலை மோதுங்கால் இஃது அதிர்ந்து, அவ்வதிர்வை மூன்று சிற்றெலும்புகளின் வாயிலாக உட்செவிக்குச் செலுத்துகின்றது.

இனி, இது கிழியும் காரணங்களைக் காண்போம். செவியை மூடும்படி உள்ளங்கை விழுமாயின், துளையிலுள்ள காற்று வெளியேற வழியின்றி உள்நோக்கி அழுந்துகின்றது. அவ்வழுத்தம் பொறாது பறை கிழிகின்றது. அறைவோர் பெரும்பாலும் வலக்கையர் ஆதலின், இடச்செவியே மிகுதியும் ஊறுபடுகின்றது. அருகில் வெடிக்கும் வெடியின் காற்றலையும், நீரிற் குதிக்குங்காற் செவியின்மேல் நேரும் மோதலும் இவ்வாறே கேடு செய்வன. குறும்பி எடுக்கவும் தினவு தீர்க்கவும் நாம் செவியில் நுழைக்கும் ஊக்கு, கொண்டையூசி, தீக்குச்சி முதலியன பறையை நேரே துளைத்துவிடும்.

பறை கிழிந்தவுடன் சடுதியில் நோவும், இரைச்சலும், செவிமந்தமும் தோன்றும். சிறிது குருதியும் வரலாம். தலைசுற்றலோ, முகம் ஒருபுறம் கோணுதலோ, கேள்வி முற்றும் இழத்தலோ காணின், உட்செவியோ முகநரம்போ ஊறுபட்டிருத்தல் கூடும். அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும்.

எனினும் அஞ்சற்க. இக்கிழிவுகளிற் பெரும்பாலன சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ தாமே மூடிக்கொள்ளும். அஃது ஆறும் முறை வியக்கத்தக்கது. பிற இடத்துப் புண்ணில் அடித்தசை வளர்ந்த பின்னரே மேல்தோல் மூடும். செவிப்பறையிலோ புறத்தோலே முந்திப் படர்ந்து துளையை மூடுகின்றது. இடைப்பட்ட நார்ப்படலம் சிலபோது மீண்டும் உண்டாவதில்லை. ஆதலின் ஆறிய இடம் மெலிந்தே நிற்றலும் உண்டு. பெருங்கிழிவுகளும், உலோகப்பொறி பட்டுச் சுட்ட கிழிவுகளும், சீழ் கொண்டனவும் எளிதில் மூடா. அவற்றிற்கு நெற்றிப்பொட்டுத் தசையின் மேலுறையை எடுத்து ஒட்டும் அறுவை முறை உண்டு. 1640ஆம் ஆண்டிலேயே மார்க்கஸ் பான்சர் என்பார் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலைத் தந்தக்குழலிற் பொருத்திச் செயற்கைப்பறை செய்தார்.

இயற்கை தன் தொழிலைச் செய்யுங்கால் நாம் அதனைக் கெடாதிருத்தலே தலையாய மருத்துவம். காது நோவென்றதும் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. கிழிந்த பறையின் வழியே அவ்வெண்ணெய் நடுச்செவியிற் புகுந்து, சீழ்ப்பிடிக்க இடந்தரும். ஆகவே எண்ணெயும் நீரும் புகாவண்ணம் காத்தலும், குளிக்குங்கால் வாசலின் தடவிய பஞ்சினாற் செவிவாயை அடைத்தலும், மூக்கை வலிந்து சிந்தாதிருத்தலும் வேண்டும்.

நம் மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆவர். பள்ளியில் உடலை வருத்தும் தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் விலக்கியுள்ளது. சட்டம் எட்டாத இல்லத்திலும் விளையாட்டிடத்திலும் நம் கையை அடக்க வேண்டியவர் நாமே. நம் சொல்லைக் கேட்கவேண்டுமென்று பிள்ளையை அறைந்து, கேட்கும் கருவியையே கிழித்துவிடுதல் அறிவுடைமை ஆகுமோ?