பத்துக் கிலோவுக்கு எத்தனை மில்லி?

அட்ரினலின் ஆம்பூல் சுண்டுவிரல் அளவுதான். 1 மில்லி திரவம், அதில் 1 மில்லிகிராம் மருந்து. இதயம் நின்றுபோன பெரியவருக்கு முழுசாகப் போடலாம், கணக்கே வேண்டாம். பத்துக் கிலோ குழந்தைக்கோ 0.1 மில்லிகிராம்தான். ஆம்பூலை 10 மில்லியாகக் கலக்கி, அதிலிருந்து 1 மில்லி எடுக்க வேண்டும். ஓடுகிற ஆம்புலன்ஸில், தாய் பக்கத்தில் கதறிக்கொண்டிருக்கும்போது, தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

அதுவும் எடை தெரிந்தால்தானே? வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கு என்றொரு பழைய சூத்திரம் உண்டு. படபடப்பில் இரண்டும் நான்கும் இடம் மாறிவிடும்.

1980களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் பிராஸ்லோ, கணக்கையே ஒழித்துவிடலாமே என்று யோசித்தார். படுத்திருக்கும் குழந்தையை எடை போடுவதுதான் கஷ்டம். நீளம் அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நீளத்தை வைத்து எடையை ஓரளவு சொல்லிவிடலாம். மருத்துவர் ராபர்ட் லூட்டனும் சேர்ந்துகொள்ள, வண்ண நாடா ஒன்று உருவானது. சிவப்பு முனையை உச்சந்தலையில் வைத்து நீட்டினால், குதிகால் எந்த நிறத்தில் முடிகிறதோ அதில் மருந்தின் அளவு, மூச்சுக் குழாய்க்குள் செலுத்தும் டியூப் எத்தனையாம் நம்பர் என்பதெல்லாம் அச்சாகியிருக்கும். 10, 11 கிலோவுக்கு ஊதா. கருவிகளையும் அதே நிறப் பைகளில் பிரித்து வைத்துவிட்டால் தேட வேண்டியதில்லை.

டியூப் நம்பரில் இவ்வளவு கறார் ஏன்? கைக்குழந்தையின் மூச்சுக் குழாய் சுமார் 4 மில்லிமீட்டர் விட்டம். உள்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே விட்டம் பாதியாகி, காற்றுக்குத் தடை 16 மடங்காகும். பெரியவரின் மூச்சுக் குழாயில் அதே வீக்கம் பெரிதாக ஒன்றும் செய்யாது. குழந்தையின் பின்மண்டை வேறு பெரிது என்பதால், ஸ்ட்ரெச்சரில் மட்டமாகக் கிடத்தினால் தாடை நெஞ்சை நோக்கி மடங்கி மூச்சு அடைபடும். தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் போதும்; இதற்கெல்லாம் டெண்டர் விட வேண்டாம்.

நாடா ஒன்றும் வேதமல்ல. அமெரிக்கக் குழந்தைகளின் உடல்வாகை வைத்துச் செய்தது அது. இந்தியக் குழந்தைகளை அளந்து 2008இல் வெளியான ஆய்வில், பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் எடையை நாடா பத்து சதவீதத்துக்கும் கூடுதலாகக் காட்டியது. நம் ஊரில் ஒல்லிப் பிள்ளைக்கு நாடா காட்டும் அளவை அப்படியே நம்பிவிட முடியாது.

அங்கன்வாடியில் போன மாதம் எத்தனை கிலோ என்று அம்மாவைக் கேட்பது இன்னும் நல்ல வழி. பெற்றோர் சொல்லும் எடை பெரும்பாலும் நாடாவையும் சூத்திரத்தையும் விடச் சரியாக இருக்கிறது.